ஒட்டினோம், கட்டவில்லை

முப்பத்தொரு வயதில் ஒருத்தி தன் பணிக்கால அனுபவத்தை எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். அறுபது வயதில் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எழுதவேண்டியது அது. நான் ஆறு வருடம் வேலை செய்தேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருப்பது தெரிந்ததும் இராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். படகு வார்க்கும் ரெசினின் வாசனை கருவுக்குக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். எந்த அளவுக்குக் கூடாது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றைப் பிள்ளையில் வைத்துப் பார்க்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இப்போதும் இடைக்கிடை யோசிக்கிறேன்.

என் இடத்துக்கு வந்த நிரோஷினி போன வாரம் கடிதம் எழுதியிருந்தாள். புதிய மாதிரிப் படகில் உள்சுவர்களைக் கட்டப்போவதில்லையாம். ஏதோ விசேஷப் பசையால் ஒட்டுவதோடு சரியாம். 'ஆகவே பரிசோதனைப் படிவத்தில் "கட்டு" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா அக்கா? அது எப்படி வந்தது என்று இங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாரிமுத்து அண்ணனைக் கேட்டால் சிரிக்கிறார். புதிதாக வந்த மூன்று பேருக்கும் வாசிக்கக் கொடுக்கலாம், நீங்கள் எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தாள். அதற்காகத்தான் இது.

தொழிற்சாலை கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு நாலு மணி நேரப் பயணம். மலைப்பகுதியில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை கிடைத்ததால் கடலில் ஓடவேண்டிய படகு மலையில் பிறந்தது. கண்டி குட்ஷெட் நிலையத்தில் காலையில் பஸ் ஏறும்போது ஊர்க்காரர் யாராவது கேட்பார்கள்: "என்ன பிள்ளை, இண்டைக்கு எத்தினை கப்பல் மகாவலி ஆத்தில விடப்போறீர்?" சிரித்துவிட்டு ஏறுவேன்.

செய்தது கப்பல் அல்ல, முப்பது அடி நீளமான இரட்டை உடல் பாய்ப்படகு. வெளிநாட்டுக் குடும்பங்கள் வாங்கி, மாதக்கணக்காக அதிலேயே சமைத்துப் படுத்துக் கடலில் திரிவதற்கானது. ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வார்த்தெடுப்போம். ஒரு படகு மூன்று லொறிகளில் மலை இறங்கும். இடது உடல் ஒன்றில், வலது உடல் ஒன்றில், நடுத்தளம் ஒன்றில். கொழும்புக்கு வடக்கே ஒரு கரையில் அவற்றை இணைப்பார்கள். இந்த வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று முதல் நாளே ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் எனக்குச் சொல்லித்தந்தார். தெரியும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்திருந்தேன். மூன்று மாதம் பயிற்சி. ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை எத்தனை விகிதம் கலப்பது, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து அதை எப்படிக் கூட்டுவது குறைப்பது என்பதில் முதல் மாதம் போயிற்று. திகனயில் காலை ஏழு மணிக்கு ரெசின் தூங்கும், பகல் ஒரு மணிக்கு ஓடும். மிச்ச இரண்டு மாதமும் மூலைகளைத் தட்டிப் பழகினேன்.

மூலைகளைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேண்டும். இரட்டை உடல் படகின் இரண்டு பக்கத்தையும் அலை ஒரே நேரத்தில் தூக்குவதில்லை. இடது உடல் ஏறும்போது வலது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளே குறுக்காக நிற்கும் சுவர்கள். பாய்மரத்தின் அருகே வருவதுதான் அவற்றில் முக்கியமானது. சுவர் ஒட்டுப்பலகை, படகுடல் கண்ணாடி நார். இரண்டும் சேரும் மூலை விட்டுப்போனால் சுவர் நிற்கும், ஆனால் எதையும் தாங்காது. பல வருடம் அது யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒரு பெரிய காற்றில் ஒரே நாளில் தெரிந்துவிடவும் கூடும்.

அந்த மூலையை இரண்டு கட்டமாகச் செய்தோம். முதலில் சுவரை இடத்தில் நிறுத்தி, மூலை நெடுகக் களிபோன்ற பசையை இட்டு, வளைந்த பலகைத் துண்டொன்றால் இழுத்து வழவழப்பாக்குவார்கள். அது ஒட்டு. பசை இறுகியபின் மேற்பரப்பை உரஞ்சிச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி நார்த்துணிப் பட்டைகள் நாலை ரெசினில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு அங்குலம் அகலமாக, பாதி சுவரிலும் பாதி படகுடலிலும் விழும்படி உருளையால் அழுத்துவார்கள். எங்கள் வேலையாட்கள் அதற்கு வைத்த பெயர் கட்டு. காயத்துக்குத் துணி கட்டியதுபோலத்தான் இருக்கும். ஒட்டு சுவரை இடத்தில் நிறுத்தும். தாங்குவது கட்டு. தளத்துக்குக் கீழே வரும் மூலையை முதலில் கட்டுவார்கள். பிறகு தளத்தைப் போட்டு மூடி, தளத்துக்கு மேலே உள்ளதைக் கட்டுவார்கள்.

எல்லாம் காய்ந்தபின் நான் இரண்டு ரூபாய் நாணயக் குற்றியால் தட்டிக்கொண்டே போவேன். நன்றாகப் பிடித்த இடம் 'டிங்' என்று கேட்கும். உள்ளே காற்று நின்ற இடம் 'டொக்' என்று கேட்கும். அங்கே பென்சிலால் வட்டம் போடுவேன்.

எனக்கு மேலே இருந்தவர் விஜேசேகர. கப்பல் திருத்தும் இடமொன்றில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் சிங்களத்தில் கேட்பார், நான் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்வேன். இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். தட்டிப் பார்க்கக் குனிவதற்கு முன்னர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், சட்டைப் பையில் போடுவார், பையின் பொத்தானைப் பூட்டுவார். கடிகாரச் சத்தம் காதில் கலந்துவிடும் என்பதற்காகவா, பட்டுக் கீறிவிடும் என்பதற்காகவா என்று நான் கேட்டதில்லை. நல்லது, கெட்டது என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. "நீங்கள் என்ன கேட்டீர்கள்?" என்பார். சொல்வேன். "ம்" என்பார். ஆரம்பத்தில் ஒருநாள் 'இந்த மூலை கொஞ்சம் பலவீனம்' என்று எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் என்றால் எத்தனை அங்குலம்?" என்று தாளைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அங்குலத்தில்தான் எழுதினேன்.

யுத்த காலம் என்பதால் வேலைக்குப் போய்வருவதே ஒரு வேலையாக இருந்தது. தென்னக்கும்புர பாலத்தில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்துவார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துப் பிறப்பிடம் இருப்பவர்கள் இறங்கவேண்டும். என்னிடம் தொழிற்சாலைக் கடிதம் ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் முகாமையாளர் புதுப்பித்துக் கொடுப்பார். அதைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விடுவார்கள். அதில் 'படகு' என்ற சொல் இல்லை. தமிழரும் படகும் ஒரே தாளில் வருவது அந்நாளில் நல்லதல்ல. 'பிளாஸ்டிக் பொருள் தொழிற்சாலை' என்றுதான் இருந்தது. குண்டு செய்ய உதவும் என்று ஹார்ட்னர் கலன்களைக்கூட இராணுவத்தினர் மாதாமாதம் வந்து எண்ணிப்போவார்கள்.

அதேபோன்ற கடிதம் மாரிமுத்துவிடமும் அவருடைய ஆட்களிடமும் இருந்தது. மாரிமுத்து கட்டு வேலைக் கோஷ்டி ஒன்றின் தலைவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஐந்து பேர், எல்லோரும் தமிழர். இன்னொரு கோஷ்டிக்குச் சுனில் தலைவர், அவர்கள் சிங்களவர். இரண்டு கோஷ்டியும் ஒரே அடுப்பில் தேநீர் வைத்தார்கள். வேலையில் எது திறம் என்று கேட்டால் தனித்தனியாகத்தான் பதில் சொல்வார்கள்.

மகள் பிறந்து நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். கண்டி மகாய்யாவையில் நாங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டு ரஹீமா தாத்தா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். தாத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கத்தில் அக்கா. ஒருநாள் பிள்ளையின் கழுத்தில் சிவப்புச் சிவப்பாக இருந்தது. "ஒங்கட சட்டக் கையில என்னமோ மினுங்குது, பாருங்க. அது பட்டுத்தான் புள்ளக்கி இப்பிடி" என்றார். கண்ணாடி நாரின் தூள். அன்றிலிருந்து தொழிற்சாலைக் குளியலறையில் முழு உடுப்பும் மாற்றி, கைகளை முழங்கை வரை இரண்டு தரம் கழுவி, பஸ்ஸில் இருந்து இறங்கியதும் வெயிலில் ஒருதரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். தூக்கியபின்னும் பார்ப்பேன்.

அந்த நாட்களில்தான் படிவம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த பரிசோதனைப் படிவத்தை மூன்று மொழியிலும் ஆக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, வரிக்குள் மூன்று மொழி, வரியின் முடிவில் 'சரி' போட ஒரு கட்டம். சிங்களத்தை அலுவலகத்தில் ஒருவர் எழுதினார். தமிழை நான் எழுதினேன். தளம் மூடுவதற்கு முன் முடிக்கவேண்டிய சுவர் வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தது. ஒட்டுவது, கட்டுவது இரண்டும் அதற்குள் அடக்கம். சிங்கள வரி 'சுவர் இணைத்து முடிந்தது' என்று வந்தது. நான் முதலில் 'குறுக்குச் சுவர் ஒட்டிக் கட்டப்பட்டது' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'குறுக்குச் சுவர் ஒட்டப்பட்டது' என்று சுருக்கினேன். பிள்ளை மடியில் இருந்து பேனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. சுருக்கியபோது எனக்கு அது நல்ல தமிழாகவே பட்டது.

நாலு மாதம் அந்தப் படிவத்தில் ஒரு பிழையும் வரவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. எங்கேயோ குண்டு வெடித்ததென்றும் கண்டியில் ஆட்கள் கூடுகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. இரண்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள். மாரிமுத்துவின் கோஷ்டி ஒரு வலது உடலில் பாய்மரத்தருகே வரும் பெரிய சுவரை நிறுத்திப் பசை இழுத்து முடித்திருந்தது. அவர் படிவத்தில் ஒரு 'சரி' போட்டுவிட்டு ஆட்களோடு வெளியேறினார். திங்கட்கிழமை ஊரடங்கு எடுத்தபோது அவர்கள் வரவில்லை. சோதனையில் மாரிமுத்துவைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவருடைய கடிதத்தின் தவணை இரண்டு நாளுக்கு முன் முடிந்திருந்தது. மற்றவர்கள் பயத்தில் தோட்டத்தை விட்டு வெளிக்கிடவில்லை. சுனிலின் கோஷ்டி அந்த உடலை எடுத்துத் தளத்தைப் போட்டு மூடி, மேல்மூலையைக் கட்டியது. கீழ்மூலை மூடியிருந்தது, அதற்குப் படிவத்தில் 'சரி' இருந்தது. புதன்கிழமை நான் மேல்மூலை முழுவதையும் தட்டினேன். எங்கும் 'டிங்' என்றுதான் கேட்டது. கையெழுத்து வைத்தேன். வெள்ளி காலை லொறி.

வியாழன் பின்னேரம் மாரிமுத்து வந்தார். முகம் வீங்கியிருந்தது. கடதாசி சுற்றிக்கொண்டிருந்த அந்த உடலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு மிஸ் கீழ கட்டுனது?"

"சுனில் ஆக்கள் கட்டியிருப்பாங்கள்தானே."

"அவங்க ஏன் கட்டுறாங்க? நான் சரி போட்டு வச்சிருந்தேனே."

"சரி போட்டால் கட்டியாச்சு எண்டுதானே அர்த்தம்?"

"ஒட்டினோம் மிஸ். கட்டலையே." அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே ஒட்டப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. ஒட்டினோம், சரி போட்டோம். கட்டுறதுக்குத் தனியா கட்டம் இருக்கான்னு பார்த்தேன், காணோம். சரி, படிச்சவங்க, அதுக்கு வேற கடதாசி வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"இவ்வளவு நாளும்?"

"இவ்வளவு நாளும் மறுநாள் நாங்களே வந்து கட்டுனோம். வேற யாரு வந்து எங்க வேலைய தொட்டா?"

சுனிலிடம் போனேன். "சரி போட்டிருந்தது மிஸ், தளத்தைப் போட்டோம்" என்றார். கீழே யாரும் கட்டினார்களா? அவருக்கு நிச்சயமில்லை. அன்று ஆறு பேரில் மூன்று பேர்தான் வேலைக்கு வந்தார்கள். கசுன் என்ற பையன் கீழே கொஞ்ச நேரம் இருந்தான், கட்டினானோ சுத்தம் செய்தானோ தெரியாது. அவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான்.

ஒரே 'சரி'தான். தமிழில் வாசித்தவருக்குப் பாதி வேலை, சிங்களத்தில் வாசித்தவருக்கு முழு வேலை. மூடிய தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நான் கையெழுத்து வைத்திருந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் வங்கியில் எழுதுவினைஞர். எதையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"நீர் சைன் வைச்சிட்டீர்தானே? விடியத் தாண்டினால் லொறி போயிடும்."

"கீழ கட்டு இல்லையெண்டால்?"

"இருந்தால்? புதுத் தளத்தை வெட்டிப்போட்டு உள்ளுக்கை நாலு பட்டையும் வடிவா இருந்தால் என்ன சொல்லப்போறீர்? தமிழ்ப் பொம்பிளை நல்ல படகில ஓட்டை போட்டவ எண்டுவாங்கள். இல்லாட்டில் தமிழ்ப் பெடியள் வேணுமெண்டு கட்டாமல் விட்டவங்கள் எண்டுவாங்கள். மாரிமுத்து இப்பதான் வெளியில வந்த மனுசன். உம்மட கடிதமும் இந்த மாதத்தோட முடியுது. கடிதமில்லாமல் பாலம் தாண்டுவீரோ?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. தளத்தின் ஓரப் பசையும் கொஞ்சம் தாங்கும், வடிவமைத்தவர்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு வைத்திருப்பார்கள், அந்தப் படகு காற்றில்லாத கடலிலேயே திரியவும் கூடும் என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். பிறகு பையிலிருந்து படகின் வரைபடத்தை எடுத்து விரித்தேன். பெரிய சுவரை ஒட்டி முன்பக்கமாக ஒரு படுக்கை.

"இதின்ர நீளத்தைப் பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாலடி எட்டு."

"மற்றக் கட்டில் எல்லாம் ஆறரை. இதில ஆர் படுப்பினம்?"

அவர் வரைபடத்தை மடித்தார். பிள்ளை அதைக் கேட்டுக் கையை நீட்டியது, கொடுக்கவில்லை.

"லொறி எத்தினை மணிக்கு?" என்றார்.

"பத்துக்கு."

"அப்ப முதல் பஸ்ஸில போம்."

மறுநாள் காலை விஜேசேகர கதிரையில் இருந்து என் பேச்சை முழுவதும் கேட்டார். விரல் வரைபடத்தில் இருந்தது.

"நிச்சயமா?"

"இல்லை சேர்."

"வெட்டினால் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?"

"ஒட்டு மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம்."

"ம்" என்றார். எழுந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். வட்டமாக வெட்டும் வாளை எடுத்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார். "இடத்தை நீங்களே குறியுங்கள்."

அவர் குறிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தளத்தில் மண்டியிட்டு ஒரு வட்டம் போட்டேன். சுவருக்கு அதிக தூரம்போல் இருந்தது. அழித்துவிட்டு நாலு அங்குலம் கிட்டப் போட்டேன். பிறகு முதல் போட்டதுதான் சரியோ என்று தோன்றியது. விஜேசேகர காத்திருந்தார். வெளியே லொறிச் சாரதி, நேரம் போனால் கடுகண்ணாவ வளைவில் பொலிஸ் விடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். "இதுதான்" என்றேன். அவர் வெட்டினார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு வட்டத் துண்டு கழன்று வந்தது.

துளைக்குள் அவருடைய கை முழங்கைக்கு மேல் போகவில்லை. நான் காப்புகளைக் கழற்றினேன். மாரிமுத்து கைதுடைக்கும் லேஞ்சியை விரித்து அவற்றை வாங்கிக்கொண்டார். தளத்தில் கன்னம் படப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். கட்டு இருந்தால் விரலுக்குப் படிபோலத் தெரியும். நாலு பட்டை, நாலு விளிம்பு. என் விரல்கள் சுவரிலிருந்து படகுடலுக்கு எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கின. இடப்பக்கம் எட்டும்வரை பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். திரும்பவும் இடப்பக்கம்.

"நீங்கள் என்ன கேட்டீர்கள்?" என்றார் விஜேசேகர, வழக்கம்போல.

"கேட்கவில்லை சேர். தொட்டேன். கட்டு இல்லை."

"எத்தனை அங்குலத்துக்கு?"

"கை போகிற தூரமெல்லாம்."

லொறியை அனுப்பிவிட்டார்கள், வெறுமையாக. அரை மணி நேரத்தில் முகாமையாளர் வந்தார், பின்னால் பாதுகாப்பு அதிகாரி. "யாருடைய கோஷ்டி ஒட்டியது?" என்று முகாமையாளர் கேட்டார். யாரோ சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரி கொப்பியைத் திறந்தார். "எல்லாரும் தமிழாட்களா? அதில் ஒருவன் நேற்றுவரை பொலிஸ் காவலில் இருந்தவன்தானே?"

மாரிமுத்து என் காப்புகளை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"படிவத்தின் தமிழ் என்னுடையது" என்றேன். "பிழை அதில் இருக்கிறது." சிங்கள வரியையும் தமிழ் வரியையும் வாசித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி தமிழ் வரியை மூன்று தரம் மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு, நான் சொல்வதை நான் மட்டும்தானே சொல்கிறேன் என்றார். நியாயமான சந்தேகம். சிற்றுண்டிச்சாலை நடத்தும் நஸீர் நானாவைக் கூப்பிட்டார்கள். நானா என்றால் அண்ணன். திகனயில் பரம்பரையாகக் கடை வைத்திருப்பவர், இரண்டு மொழியும் தெரிந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"இதை வாசி" என்று அதிகாரி வரியைக் காட்டினார்.

"குறுக்குச் சுவர் ஒட்டப்பட்டது" என்று வாசித்தார் நஸீர் நானா. அர்த்தம் கேட்டார்கள். சிங்களத்தில் சொன்னார்: "ஒட்டினது சேர். பசை போட்டு."

"கட்டியது என்றும் எடுக்கலாமா?"

நஸீர் நானா என்னைப் பார்த்தார். என்ன சொன்னால் எனக்கு உதவி என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. நான் குனிந்துகொண்டேன். "மிஸ், இவர் என்னத்தக் கேக்கிற?" என்று தமிழில் மெல்லக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க நானா."

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "எடுக்க ஏலாது சேர். தபாலுக்கு முத்திரை ஒட்டுவம், பார்சலுக்கு நூல் கட்டுவம். ஒட்டின பார்சலக் கட்டினேண்டு சொன்னா தபால் கந்தோர்ல எடுப்பாங்களா?"

சுனில் சிரித்துவிட்டார். விஜேசேகர "ம்" என்றார். அதிகாரி கொப்பியை மூடவில்லை, ஆனால் பேனையைப் பையில் வைத்தார்.

எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது. மாரிமுத்துவின் கோஷ்டியை ஒன்றும் செய்யவில்லை. தளத்தைப் பெயர்த்து, மூலையை உரஞ்சி, நாலு பட்டையும் கட்டி மூட ஒன்பது வேலைநாள் எடுத்தது. இரண்டு கோஷ்டியும் சேர்ந்து செய்தார்கள். கசுன் லீவு முடிந்து வந்து, தான் அன்று கீழே படுத்திருந்தது நித்திரைக்காக என்று ஒப்புக்கொண்டான். அந்த நாலு மாதத்தில் அவருடைய கோஷ்டி செய்த மற்ற ஆறு உடல்களைப் பற்றி மாரிமுத்து ஒவ்வொன்றாக நாள் சொன்னார், எல்லாம் அவர்கள் கையாலேயே கட்டியவை. நான் நம்பினேன். ஆனாலும் கரையில் இருந்த இரண்டில் துளை போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதினேன். பார்த்தார்கள், கட்டு இருந்தது. அந்த இரண்டு துளைகளுக்காகவும் எனக்குக் கெட்ட பெயர்தான். மற்ற நாலும் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன.

மாத முடிவில் என் கடிதம் புதுப்பித்து வரவில்லை. முகாமையாளருக்கு வேலை அதிகம் என்றார்கள். பதினொரு நாள் கடிதமில்லாமல் பாலத்தைக் கடந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அடுத்தடுத்த பஸ்களும் போயின. வீட்டுக்கு வரும்போது பிள்ளை ரஹீமா தாத்தாவின் பாயில் தூங்கியிருக்கும். பேசாமல் இருந்திருக்கலாமோ என்று அந்தப் பதினொரு நாளும் யோசித்தேன். பன்னிரண்டாம் நாள் விஜேசேகர ஒரு கடித உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். முகாமையாளருக்குப் பதிலாக அவரே கையெழுத்திட்டிருந்தார். 'பிளாஸ்டிக் பொருள் தொழிற்சாலை' என்பதை வெட்டிவிட்டு, 'படகுக் கட்டுமானப் பரிசோதகர்' என்று போட்டிருந்தார். இதைக் காட்டினால் பிடித்து உள்ளே போடுவார்களே என்று பயந்துகொண்டுதான் பாலத்தில் நீட்டினேன். சிப்பாய் இரண்டு தரம் வாசித்தான். "கண்டியில் படகா?" என்று பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ்" என்று ஐந்து நிமிடத்துக்குள் விட்டார்கள்.

அந்த வட்டத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளிம்பில் கண்ணாடி நார் நீட்டிக்கொண்டிருந்ததால் மூன்று தரம் ரெசின் பூசிக் காயவிட்டேன். மகள் அதைத் தன் விளையாட்டுச் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறாள். கொடுக்கும்போதெல்லாம் விளிம்பை விரலால் ஒருதரம் சுற்றிப் பார்ப்பேன்.

நிரோஷினிக்கு என் பதில் இது. அந்தப் படிவத்தில் சுவருக்கு இப்போது இரண்டு வரி இருக்கிறது, ஒட்டு ஒன்று, கட்டு ஒன்று. கட்டில் 'சரி' போடக்கூடாது, எத்தனை பட்டை என்று எழுதவேண்டும். முதல் தாளில் 'நாலு' என்று எழுதியவர் மாரிமுத்து. புதிய பசையை எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கலாம். காலை ஏழு மணிக் குளிரில் அது எப்படி இறுகுகிறதென்று ஒரு துண்டு செய்து உடைத்துப் பார். எத்தனை துண்டு உடைத்தாய் என்று எழுதிவை. கட்டு வரியை மட்டும் எடுக்காதே. கட்டாவிட்டால் அந்தக் கட்டத்தில் 'கட்டவில்லை' என்று கையால் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல். யாராவது எழுதத் தயங்கினால் லொறியை அனுப்பாதே.